மனிதப் படியாக்கத் தடையும் மக்கள் நலனும்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய அவையில் உயிரியல் சார்ந்த சட்டம் ஒன்றைப் பற்றிய பேச்சு எதற்கு என்ற வினா எழக்கூடும். மனிதப் படியாக்கம் குறித்து உலக நாடுகள் நடத்திய நெடுவழக்கு, ஆழ்ந்து நோக்கின் ஒரு சொல்லைப் பற்றிய வழக்காகவே அமைந்தது. ஒரே சொல்லுக்குள் இரண்டு செயல்கள் அடங்கிக் கிடந்தன. அவற்றைப் பிரித்துக் காட்டிய நாடுகள் உண்டு; பிரிக்க மறுத்த நாடுகளும் உண்டு. பிரிக்க மறுத்ததன் விலையைக் கொடுத்தவர்கள் பொதுமக்களே. அவ்விலை யாது என்பதே இவ்வுரையின் பொருள்.

சொல் பிறந்த வரலாறு

மணமக்களை ‘வாழையடி வாழையாகத் தழைக்க’ என்று வாழ்த்துவது தமிழர் வழக்கம். தாய்வாழையின் கிழங்கிலிருந்து பக்கக்கன்று முளைக்கிறது. அங்கே மகரந்தச் சேர்க்கையும் இல்லை, விதையும் இல்லை. கன்று தன் தாயின் மரபுப் பண்புகளை அப்படியே பெற்று வளர்கிறது. கரும்பைக் கரணை நட்டும், மல்லிகையைப் பதியமிட்டும், முருங்கையைப் போத்து வைத்தும் உழவர் பெருக்குவதும் இம்முறையே. இவ்வாறு பெருகும் செடிக்கூட்டத்தைக் குறிப்பதற்காக, சிறுகிளை என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து ‘குளோன்’ என்ற சொல்லை 1903-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தாவரவியலார் ஹெர்பர்ட் வெப்பர் உருவாக்கினார். செடிக்கு வழங்கிய அச்சொல்லை 1960-களின் தொடக்கத்தில் மனிதனுக்கும் ஏற்றிப் பேசியவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். பிரித்தானியாவில் பிறந்து இந்தியக் குடியுரிமை பெற்று, 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்த உயிரியல் அறிஞர் அவர்.

பேச்சாக இருந்தது 1996-இல் செயலாயிற்று. ஸ்காத்லாந்தில் எடின்பரோ நகருக்கு அருகிலுள்ள ரோஸ்லின் ஆய்வு நிறுவனத்தில் அவ்வாண்டு ஜூலை 5-ஆம் நாள் டாலி என்னும் ஆட்டுக்குட்டி பிறந்தது. ஆறு வயதுப் பெண் ஆடு ஒன்றின் மடியிலிருந்து எடுத்த உயிரணுவை, உட்கரு நீக்கப்பட்ட கருமுட்டையோடு இயன் வில்மட், கீத் கேம்ப்பெல் ஆகியோரின் குழுவினர் இணைத்தனர். இணைத்தவை 277, இளங்கருவாக வளர்ந்தவை 29, குட்டியாகப் பிறந்தது ஒன்றே. 1997 பிப்ரவரியில் செய்தி வெளிவந்ததும் உலகம் அடுத்து மனிதனை நினைத்தது. அச்சமும் அருவருப்பும் ஒருங்கே எழுந்தன. அரசுகள் தடைச் சட்டங்களை எழுதத் தொடங்கின.

ஒரு சொல், இரு செயல்

உட்கருவை மாற்றிப் பெற்ற கருமுட்டை ஐந்து அல்லது ஆறு நாளில் ஏறத்தாழ நூறு உயிரணுக்கள் கொண்ட சிறு கோளமாகிறது. அதன் அளவு ஊசி முனைக்கு ஒப்பானது. இந்த இடத்தில் வழி இரண்டாகப் பிரிகிறது. அக்கோளத்தைப் பெண்ணின் கருப்பையில் வைத்தால் ஒருவரின் மரபுப் படியாகிய குழந்தை பிறக்கக்கூடும். இது முதற்செயல். வைக்காமல், ஆய்வகத்திலேயே அதிலிருந்து குருத்தணுக்களைப் பிரித்தெடுக்கலாம். நரம்பாகவும் இதயத் தசையாகவும் கணைய அணுவாகவும் மாறும் ஆற்றல் அவற்றிற்கு உண்டு. நோயாளியின் உயிரணுவிலிருந்தே தோன்றியவை ஆதலின், அவர் உடல் அவற்றை அயலெனத் தள்ளாது என்பது எதிர்பார்ப்பு. இது இரண்டாம் செயல்.

முதற்செயல் கூடாது என்பதில் உலகில் பெரும்பாலோர்க்குக் கருத்து வேறுபாடு இல்லை. 277 முயற்சிகளில் ஒன்று என்ற கணக்கைத் தாய்மார் மீதும் குழந்தைகள் மீதும் சுமத்துவது கொடுமை என்பதற்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. இரண்டாம் செயலில்தான் நேர்மையான கருத்து வேறுபாடு உண்டு. அந்தச் சிறு கோளமும் மனித உயிரே. அதை அழிப்பது பாவம் என்பார் ஒரு சாரார். உணர்வும் உருவும் தோன்றாத நிலையிலுள்ள அதனினும், படுக்கையில் கிடக்கும் நோயாளியின் துன்பமே பெரிது என்பார் மறுசாரார். இரண்டையுமே ‘குளோனிங்’ என்ற ஒரு சொல் குறித்தது.

தமிழ் இலக்கணத்திற்கு இச்சிக்கல் புதிதன்று. பலபொருள் ஒருசொல்லை இரு வகையாகப் பிரிக்கிறது தொல்காப்பியத்தின் கிளவியாக்கம். ‘மா’ என்ற சொல்லோடு ‘காய்த்தது’ என்ற வினை சேர்ந்தால் மரம் என்பது விளங்கும். ‘விழுந்தது’ என்ற வினை சேர்ந்தால் மரமா விலங்கா என்பது விளங்காது. அங்கே சொல்லுகிறவன் தான் கருதிய பொருளை வெளிப்படக் கூறவேண்டும் என்பது விதி. ‘குளோனிங் தடை செய்யப்படுகிறது’ என்ற தொடரில் வினை, பொருளைப் பிரித்துக் காட்டவில்லை. சட்டம் இயற்றியவர்கள் வெளிப்படக் கூறினார்களா என்பதைப் பொறுத்தே பின்விளைவுகள் அமைந்தன.

வினையைத் தடுத்த சட்டம்

பிரித்தானியாவில் 1990-ஆம் ஆண்டின் மனிதக் கருவாக்கச் சட்டம், கருத்தரிப்பு நிறைவுற்றதே இளங்கரு என்னும் முறையில் அதற்கு விளக்கம் தந்திருந்தது. உட்கரு மாற்றத்தில் கருத்தரிப்பே நிகழ்வதில்லை. ஆகவே, அவ்வாறு தோன்றியது சட்டத்தின் கண்ணில் இளங்கருவே ஆகாது என்று 2001 நவம்பர் 15-இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு சொல்லின் விளக்கத்தில் இருந்த இடைவெளியால் மனிதப் படியாக்கம் முழுவதும் ஒரே நாளில் காவலின்றி நின்றது. நாடாளுமன்றம் விரைந்து செயல்பட்டது. டிசம்பர் 4-ஆம் நாளே புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. கருத்தரிப்பு அல்லாத வேறு முறையில் உருவான மனித இளங்கருவைப் பெண்ணின் கருப்பையில் வைப்பது குற்றம். தண்டனை பத்தாண்டு வரை சிறை. அச்சட்டம் தடுத்தது ‘வைத்தல்’ என்னும் வினையை. ஆய்வோ உரிமம் வழங்கும் ஆணையத்தின் கண்காணிப்பில், பதினான்கு நாள் வரம்புக்கு உட்பட்டுத் தொடர்ந்தது. 2004-இல் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முதல் உரிமத்தைப் பெற்றனர்.

பெயரைத் தடுக்க முயன்ற அவை

அமெரிக்காவில் நிகழ்ந்தது வேறு. 2001 ஜூலை 31-இல் மக்கள் பிரதிநிதிகள் அவை 265-க்கு 162 என்ற வாக்குகளில் மனிதப் படியாக்கத் தடை மசோதாவை ஏற்றது. குழந்தைக்காகவாயினும் ஆய்வுக்காகவாயினும் அனைத்தும் அதன்படி குற்றம். பத்தாண்டு வரை சிறை. ஆதாயம் கருதிச் செய்தால் பத்து இலட்சம் டாலருக்குக் குறையாத தண்டம். இவ்வாறு உண்டான இளங்கருவிலிருந்து பெற்ற எப்பொருளையும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதும் குற்றம் என்றது மசோதா. அயல்நாட்டில் இத்தகைய அணுக்களால் மருத்துவம் பெற்று ஊர் திரும்பும் நோயாளி குற்றவாளி ஆவாரா என்ற கேள்வி விவாதத்திலேயே எழுந்தது.

செனட் அவை அம்மசோதாவை ஏற்கவில்லை. குழந்தைப் படியாக்கத்தை மட்டும் தடுத்து ஆய்வை அனுமதிக்கும் மாற்று மசோதாவும் நிறைவேறவில்லை. நாற்பது நோபல் அறிஞர்கள் முழுத் தடையை எதிர்த்து 2002-இல் அறிக்கை விடுத்தனர். குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே இயக்கமிழந்த திரைப்பட நடிகர் கிறிஸ்டோபர் ரீவ் அவ்வாண்டு செனட் குழுவின் முன் சக்கர நாற்காலியில் அமர்ந்து வாதாடினார். 2003-இல் பிரதிநிதிகள் அவை மீண்டும் 241-க்கு 155 என முழுத் தடையை ஏற்றது; செனட் மீண்டும் அசையவில்லை. ரீவ் 2004-இல் மறைந்தார்.

விளைவு யாது? எல்லாரும் வெறுத்த முதற்செயலைத் தடுக்கும் நடுவண் சட்டம் அமெரிக்காவில் இன்றுவரை இல்லை. சில மாநிலங்களில் தனிச்சட்டங்கள் உண்டு. இரண்டையும் சேர்த்தே தடுப்போம் என்று பிடித்த பிடியில், ஒருமித்த கருத்துள்ள ஒன்றையும் தடுக்க முடியாமல் போயிற்று. முழுத் தடையின் முதல் விலை இதுவே: காவல் வேண்டிய இடத்திலும் காவல் இல்லாமை.

உலக அளவிலும் இக்கதையே நடந்தது. குழந்தைப் படியாக்கத்தை மட்டும் தடுக்கும் பன்னாட்டு உடன்படிக்கை வேண்டும் என்று 2001-இல் பிரான்சும் ஜெர்மனியும் ஐக்கிய நாடுகள் அவையில் முன்மொழிந்தன. அனைத்தையும் தடுக்கவேண்டும் என்று அமெரிக்காவும் கோஸ்டா ரிகாவும் வேறு பல நாடுகளும் வலியுறுத்தின. 2003 நவம்பரில் 80-க்கு 79 என ஒரே வாக்கு வேறுபாட்டில் சட்டக் குழு விவாதத்தை ஒத்திவைத்தது. முடிவில் 2005 மார்ச் 8-இல், 84 நாடுகள் ஆதரிக்க, 34 எதிர்க்க, 37 விலகி நிற்க, யாரையும் கட்டுப்படுத்தாத அறிவிப்பு ஒன்று நிறைவேறியது. உடன்படிக்கை உருவாகவே இல்லை. எதிர்த்து வாக்களித்த நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. குழந்தைப் படியாக்கத்தை ஏற்காத இந்தியா, மருத்துவ ஆய்வை அதனோடு சேர்த்து மூடிவிடுவதற்கு உடன்படவில்லை.

பொதுப் பணமும் பொதுக் கண்ணும்

இரண்டாம் விலை பணம் சார்ந்தது. இளங்கரு அழியும் ஆய்வுக்கு அமெரிக்க நடுவண் அரசின் பணம் செல்லக்கூடாது என்பது 1996 முதல் ஆண்டுதோறும் நிதி மசோதாவில் இடம்பெறும் நிபந்தனை. 2001 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் புஷ், அதற்குமுன் உருவான குருத்தணு வரிசைகளுக்கு மட்டுமே பொதுப் பணம் என்று வரையறுத்தார். கலிபோர்னியா மக்கள் 2004-இல் வாக்களித்துத் தம் மாநிலத்தின் பெயரில் 300 கோடி டாலர் கடன் பெற்று ஆய்வு நிறுவனம் அமைத்தனர். வட்டியுடன் அச்சுமை ஏறத்தாழ இரு மடங்காகும் என அன்றே கணக்கிட்டனர். நாட்டின் பொதுக் கருவூலம் சுமக்கவேண்டியதை ஒரு மாநிலத்து வரி செலுத்துவோர் சுமந்தனர்.

பணம் விலகிய இடத்தில் பொதுக் கண்ணும் விலகுகிறது என்பதே இதனினும் பெரிய இழப்பு. நடுவண் நிதி பெறும் ஆய்வு நெறிக்குழுக்களுக்குக் கணக்குக் காட்டவேண்டும். தனியார் பணத்தில் நடப்பது அந்த அளவுக்குக் கணக்குக் காட்டவேண்டியதில்லை. 2002 டிசம்பரில் குளோனெய்டு என்ற நிறுவனம் படியாக்கக் குழந்தை பிறந்துவிட்டதாகச் சான்று ஏதுமின்றி அறிவித்தபோது, அதை ஆராய்ந்து உண்மை சொல்லும் வலுவான பொது அமைப்பு இன்மையை உலகம் உணர்ந்தது.

ஜெர்மனி கொடுத்த விலை மனச்சான்று சார்ந்தது. 1990-ஆம் ஆண்டின் இளங்கருப் பாதுகாப்புச் சட்டம் படியாக்கம் முழுவதையும் ஐந்தாண்டு வரை சிறைக்குரிய குற்றமாக்கியது. மனிதரைக் கருவியாக்கிய நாஜி ஆட்சியின் நினைவு அந்நாட்டுக்கு உண்டு. அந்த அச்சத்தை எள்ளுதல் தகாது. ஆயினும் 2002-இல் இயற்றிய சட்டத்தின்படி, அவ்வாண்டு தொடங்குமுன் அயல்நாட்டில் உருவான குருத்தணுக்களை ஜெர்மானிய ஆய்வாளர்கள் உரிய இசைவோடு வரவழைக்கலாம். 2008-இல் அக்கெடு 2007 மே 1-க்குத் தள்ளிவைக்கப்பட்டது. தம் மண்ணில் குற்றமாகியதன் பயனை அயல் மண்ணிலிருந்து பெறும் நிலை அது.

பெண்களின் கேள்வி

முழுத் தடையை ஆதரித்தோர் கூற்றுகளுள் மிக வலியது சமயம் சார்ந்ததன்று, பெண்ணைச் சார்ந்தது. ஒவ்வொரு முயற்சிக்கும் கருமுட்டை தேவை. அது தொழிற்சாலையில் கிடைப்பதன்று. இயக்குநீர் ஊசிகளைத் தாங்கி, வலியையும் இடரையும் ஏற்று ஒரு பெண் தரவேண்டியது. தென் கொரியாவில் ஹுவாங் வூ-சுக் என்னும் ஆய்வாளர், மனித இளங்கருவைப் படியாக்கிக் குருத்தணு பெற்றதாக 2004-இலும் 2005-இலும் வெளியிட்ட கட்டுரைகள் பொய் என மெய்ப்பிக்கப்பட்டு, 2006 ஜனவரியில் திரும்பப் பெறப்பட்டன. அந்தப் பொய்க்காகச் செலவான கருமுட்டைகள் 2,000-க்கும் மேல். தந்தவர்களில் அவர்தம் ஆய்வகத்து இளம் பெண்களும் இருந்தனர்.

இக்கொடுமையைச் சுட்டி, ஆகவே அனைத்தையும் தடுக்கவேண்டும் என்பார் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. எனினும் அங்கே தவறியது எது என்பதை நோக்கவேண்டும். பெருமளவு கருமுட்டைகள் பெறப்பட்டபோது அந்நாட்டில் அதற்கென உயிர்நெறிச் சட்டம் நடைமுறையில் இல்லை. 2005 ஜனவரியில்தான் வந்தது. பெண்ணைக் காப்பது, யார் கேட்டார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், இசைவு எவ்வாறு பெறப்பட்டது என்று கேட்டுப் பதிவு செய்யும் அதிகாரம். செயல் நடைபெறுவதை ஒத்துக்கொண்ட சட்டமே அக்கேள்விகளைக் கேட்கமுடியும். ஒரேயடியாகத் தடுத்த சட்டம், ஆய்வு எல்லை கடந்து சென்ற இடத்துப் பெண்ணுக்குத் துணையாவதில்லை.

மாற்று வழியும் அதன் வேரும்

இன்னொரு கூற்றும் உண்டு. ஜப்பானின் ஷின்யா யமானாக்கா 2006-இல் எலியின் உயிரணுவையும் 2007-இல் மனிதத் தோல் அணுவையும் இளங்கருவின் துணையின்றியே குருத்தணு நிலைக்குத் திருப்பிக் காட்டினார். பிறகு படியாக்கம் எதற்கு, தடையால் இழந்தது என்ன என்பர். இக்கூற்றில் உண்மை உண்டு. 2013-இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஷூக்ரத் மித்தாலிபோவ் குழுவினர் படியாக்க முறையில் மனிதக் குருத்தணுக்களை உண்மையாகவே பெற்றபோது, அதன் தேவை முன்போல் இல்லை. அம்முறை இன்றளவும் எந்நாட்டிலும் வழக்கமான மருத்துவமாகவில்லை என்பதையும் சொல்லியாகவேண்டும்.

ஆனால் யமானாக்காவின் வழி எங்கிருந்து பிறந்தது? 2012-இல் அவரோடு நோபல் பரிசைப் பகிர்ந்தவர் பிரித்தானியாவின் ஜான் குர்டன். 1962-இலேயே தவளையின் குடல் அணுவின் உட்கருவைக் கருமுட்டையில் வைத்துத் தலைப்பிரட்டையை வளர்த்தவர் அவர். முதிர்ந்த அணு மீண்டும் இளமைக்குத் திரும்பும் என்பதைக் காட்டியதே படியாக்கம்தான். இளங்கருவைத் தவிர்க்கும் வழி, இளங்கருவை ஆராய்ந்த அறிவிலிருந்தே கிடைத்தது.

நியூகாசிலில் மற்றொரு பயன் விளைந்தது. தாயின் கருமுட்டையிலுள்ள மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணுறுப்பு பழுதுபட்டால் குழந்தை தீராத நோயோடு பிறக்கலாம். கருவுற்ற முட்டையின் உட்கருக்களை, நலமான மைட்டோகாண்டிரியா உடைய வேறொரு பெண்ணின் முட்டைக்கு மாற்றி அதைத் தவிர்க்கலாம். இது படியாக்கம் அன்று. தாயும் தந்தையும் கலந்த புதிய குழந்தையே பிறக்கிறது. ஆயினும் உட்கருவை எடுத்து வைக்கும் கைத்திறத்தால் இரண்டும் உடன்பிறந்தவை. பிரித்தானிய நாடாளுமன்றம் 2015-இல் இதற்கு இசைவளித்தது. இம்முறையில் எட்டுக் குழந்தைகள் பிறந்துள்ளதாக 2025 ஜூலையில் நியூகாசில் குழுவினர் அறிவித்தனர். அமெரிக்காவிலோ 2015 இறுதியில் நிதி மசோதாவில் சேர்ந்த நிபந்தனை ஒன்று இதற்குக் கதவடைத்தது. பின் வந்த ஆண்டுகளிலும் தொடர்ந்தது. நியூயார்க் மருத்துவர் குழு ஒன்று கட்டுப்பாடற்ற மெக்சிகோவுக்குச் சென்று இவ்வகைச் சிகிச்சையைச் செய்தமை 2016-இல் வெளிவந்தது. ஒரு நாட்டில் பொதுக் கண்ணின் முன் நடப்பது, மற்றொரு நாட்டவர்க்கு எல்லை கடந்து மறைவில் நடக்கிறது.

சொல்லாக்குவோர் கடமை

2002 ஜனவரியில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் உயிர்நெறிக் குழு முதன்முறை கூடியபோது, விவாதத்திற்கு எடுத்துக்கொண்டது ஓர் இலக்கியப் படைப்பு. நத்தானியேல் ஹாதார்ன் எழுதிய ‘பிறவி மச்சம்’ என்னும் சிறுகதை அது. மனைவியின் கன்னத்து மச்சத்தை நீக்கி முழுமை காணத் துடித்த அறிவியலாளன் அவளையே இழப்பது கதை. அறிவியலின் இறுமாப்பை எச்சரிக்கும் அக்கதையை வாசித்த குழு, அவ்வாண்டு ஜூலையில் தந்த அறிக்கையில் சொற்களுக்கென்றே ஓர் இயலை ஒதுக்கியது. ‘குழந்தை பெறுவதற்கான படியாக்கம்’, ‘உயிர்மருத்துவ ஆய்வுக்கான படியாக்கம்’ என இரண்டாகப் பெயரிட்டது. முதலாவதைத் தடுப்பதில் குழு ஒன்றுபட்டது. இரண்டாவதை நான்காண்டு நிறுத்திவைக்கலாம் என்றோர் பதின்மர். கட்டுப்பாட்டோடு நடத்தலாம் என்றோர் எழுவர். அச்சொல்நேர்மை அறிக்கையோடு நின்றது, சட்டமாகவில்லை.

ஆய்வை ஆதரித்தோரும் சொல்லில் குற்றமற்றவர் அல்லர். மருத்துவம் எதுவும் கைவராத நிலையிலேயே ‘மருத்துவப் படியாக்கம்’ என்று பெயரிட்டு, நோயாளிகளின் நம்பிக்கையைத் தம் பக்கம் ஈர்த்தனர். அச்சமூட்டும் சொல்லும் ஆசையூட்டும் சொல்லும் ஒரே தீங்கையே செய்கின்றன.

இந்தியாவில் 2017-ஆம் ஆண்டின் தேசியக் குருத்தணு ஆய்வு நெறிமுறைகள், அனுமதிக்கத்தக்கவை, கட்டுப்பாட்டுக்குரியவை, விலக்கப்பட்டவை என மூவகை வகுத்துக் குழந்தைப் படியாக்கத்தை விலக்கின. அவை வழிகாட்டு நெறிகளே. நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் வலிமை அவற்றிற்கு இல்லை. ஒருநாள் சட்டம் வரலாம். அதன் தமிழாக்கம் அரசிதழிலும் நாளிதழிலும் வெளிவரும். அன்று ‘படியாக்கம் தடை’ என்ற இரண்டே சொற்கள் தலைப்பாகுமானால் மேலைநாட்டார் பட்ட இடர் இங்கும் நேரும். குழந்தைப் படியாக்கம், ஆய்வுப் படியாக்கம் என்ற இரு சொற்களையேனும் இப்போதே வழக்கில் ஊன்றிவிடல் வேண்டும். இவற்றினும் நல்ல சொற்களைக் கவிஞர்களால் ஆக்கித் தர முடியும். பத்தாண்டுகளாகச் சொல்லை எடைபோட்டுப் பழகிய இவ்வவை, அடுத்த பத்தாண்டின் பணிகளுள் ஒன்றாக இதனை ஏற்பது பொருத்தமாகும்.